இரண்டு தட்டு

முற்றத்தில் பந்தலுக்கு ஆணி அறைந்தார்கள். தட், தட். இராசேஸ்வரி எண்ணெய்க் கிண்ணத்தோடு வெறுங்கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னப்பா பாக்கிறாய்? தேத்தண்ணி குடிச்சனியே?" என்றான் புருசன் தவராசா.

"ஒண்டுமில்லை."

விடிய ஆறு மணிக்கு அக்காவின் உயிர் போய்விட்டது. பத்மாசனி அக்கா. கலியாணம் கட்டாமல், தங்கையோடு இந்தக் குடியேற்றத்துக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கினவள். மூன்று வருசத்துக்கு முன் வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. இடக்கைதான் மிச்சம். அந்தக் கையால் கட்டில் சட்டத்தில் ஒருக்கால் தட்டினால் ஓம். இரண்டுதரம் தட்டினால் வேண்டாம்.

இந்தப் பழக்கத்தை உண்டாக்கினவள் ஜொஹறா. ஆசுபத்திரியில் நோயாளரைப் பார்த்துப் பழகியவள், தண்ணீரூற்று ஊரிலிருந்து பகலில் வந்து அக்காவைப் பார்த்துக்கொண்டாள். "அக்கா, தண்ணி வாக்கட்டோ?" என்று குளிப்பாட்ட முன் கேட்டுவிட்டு நிற்பாள். தட்டு விழும்வரை உடுப்பைத் தொடமாட்டாள்.

இராசேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும். "உப்பிடிக் கேட்டுக்கொண்டு நிண்டால் பொழுது பட்டிடும். கிடக்கிற சனத்துக்கு என்ன தெரியும்?"

"உடம்பு அவவின்ரயல்லோ?" என்பாள் ஜொஹறா. அவ்வளவுதான் சொல்வாள்.

ஆவணியில் ஜொஹறா மகளின் கலியாணத்துக்காக வராமல் நின்ற கிழமை, அக்காவின் தலையில் பேன் பிடித்தது. இடுப்பைத் தொடுகிற தலைமயிர். படுக்கையில் விழுந்த பிறகும் அக்கா இடக்கையை நீட்டிக் கண்ணாடி கேட்டது அதற்காகத்தான். இராசேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்தாள்.

தட், தட்.

"சும்மா கிட அக்கா. உனக்குத்தான் சுகம்."

தட், தட். கடைசிக் கற்றை விழும்வரை அந்தக் கை ஓயவில்லை. பிறகு அது தட்டவேயில்லை. ஜொஹறா வந்து கேட்டும் அசையவில்லை. ஜொஹறா மயிர் வெட்டின தலையைப் பார்த்தாள், இராசேஸ்வரியைப் பார்த்தாள், சீப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். நாலு பேச்சுப் பேசியிருந்தால் எவ்வளவோ நல்லது!

நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் வீடு முழுக்கத் தட்டுச் சத்தம். குசினியில் உலக்கை போட்டாலும், காற்றுக்கு வேலிப் படலை அடித்தாலும் இராசேஸ்வரி ஓடிப்போய்க் கட்டிலைப் பார்ப்பாள். கை போட்டபடியே கிடக்கும். கண் மட்டும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருக்கால் தட்டினால் போதும் என்று அவள் கோயிலுக்கு நேர்த்திகூட வைத்தாள்.

இப்போது அக்காவை வாங்குப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்ட முன் இனசனம் எண்ணெய் வைக்க வேண்டும். கூடப்பிறந்தவள் முதலில். புதுக்குடியிருப்பிலிருந்து வந்த நாகேஸ்வரி மாமி தலைத்துணியை விலக்கினாள்.

"ஐயோ, என்ர பிள்ளையின்ர தலைமயிர் எங்கையடி?"

ஒப்பாரி நின்றுபோயிற்று. டொக்டர்தான் வெட்டச் சொன்னவர் என்ற பொய்யை இராசேஸ்வரி காலையிலிருந்தே ஆயத்தமாய் வைத்திருந்தாள். வாய்க்கு வரவில்லை.

"நான்தான் வெட்டினனான் மாமி. அவா வேண்டாம் எண்டவா. நான் கேக்கேல்லை."

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ, "சரி, சரி, எண்ணெயை வை பிள்ளை. நேரம் போகுது," என்றார்கள்.

இராசேஸ்வரி எண்ணெயில் விரல் தோய்த்தாள். கட்டையாய்க் குத்திட்டு நின்ற மயிருக்கு மேலே கை நின்றுவிட்டது. பெண்களுக்குப் பின்னால், வேலியோரம், முக்காட்டுடன் ஜொஹறா நின்றாள். இராசேஸ்வரி குனிந்தாள். மூன்று வருசத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள்.

"அக்கா, எண்ணெய் வைக்கட்டோ?"

விரலிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் வாங்குப் பலகையில் விழுந்தது. தட்.

அடுத்த சொட்டு விரல் நுனியில் திரண்டு தொங்கியது. விரலை மடக்கினால் போதும், ஒரு தட்டோடு நின்றுவிடும்; ஒருவருக்கும் தெரியாது.

அவள் மடக்கவில்லை.