மருமகனின் கள்ளிப் பெட்டிகள்

விருந்தும் மருந்தும் மூன்று நாளுக்கு என்பார்கள். அப்படிச் சொன்னவர் கல்முனையில் பெண் எடுத்திருக்க மாட்டார். றிப்தி கல்யாணம் முடித்து, ஒரு பெரும்போகம் விதைத்து அறுத்தும் ஆகிவிட்டது. விருந்து இன்னும் முடியவில்லை.

மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்தவன் அவன். இந்தப் பக்கத்து முறைப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு மனைவி நஸ்லினுடையது. அவளுடைய வாப்பா, பெரிய வயல்காரரான மீராமுகைதீன் போடியார், நாவிதன்வெளி வயல் நெல்லை விற்றுக் கட்டியது. கட்டிலும் அவர் வாங்கியது, மோட்டார் சைக்கிளும் அவர் வாங்கியது. வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு மாமாவும் மாமியும் அதே வளவில் பின்னால் இரண்டு அறை போட்டு ஒதுங்கிவிட்டார்கள். ஒதுங்கினார்கள் என்பது பேச்சுக்கு. மாமி சல்மா உம்மாவின் கதவு நேரே நஸ்லின் சமைக்கிற குசினிக்குள் திறக்கும்.

டைல்ஸ் கடையில் வேலை முடிந்து வந்தால் றிப்திக்குக் கை கழுவுகிற வேலை ஒன்றுதான் மிச்சம். சோறு மாமி போடுவார். போதும் என்று சொன்னால் அவருக்குக் காது கேட்காது. கல்யாணச் சட்டைகளில் ஒன்றுக்குக்கூட இப்போது பொத்தான் பூட்ட முடியவில்லை. நல்ல மனிதர்களிடம் அகப்பட்டுக்கொண்டவனுக்கு முறைப்பாடு செய்யவும் இடமில்லை. யாரிடம் போய் அழுவது, முட்டை அதிகம் வைக்கிறார்கள் என்றா?

ஆகவேதான் அவன் கள்ளி வளர்க்கத் தொடங்கினான். யாரும் கவனிக்காவிட்டாலும் வளர்கிற ஒரு சாமான் அவனுக்கு வேண்டியிருந்தது. மலைநாட்டில் ஒருவரிடம் தபாலில் விதை எடுப்பித்தான். புரியாணி வந்த மூன்று பிளாஸ்டிக் பெட்டிகளின் அடியில் ஓட்டை போட்டு, சுடுநீர் ஊற்றி ஆறவைத்த குறுமணலில் விதைத்து, மூடியால் மூடி ஜன்னலோரம் வைத்தான். முளை வந்தபோது பெட்டிக்குள் பயற்றை விடச் சின்னதாய்ப் பச்சைப் புள்ளிகள். கண்ணாடி போட்டுப் பார்த்தால் முள்ளும் தெரிந்தது.  அந்த வளவில் அவன் கையால் உண்டான முதல் பொருள் அது.

மாமா குனிந்து பார்த்தார்.

“எத்தின மாசத்துப் பயிர் மகன்?”

“பூக்கிறதுக்கு அஞ்சாறு வருசம் செல்லும் மாமா.”

போடியார் விரலில் கணக்குப் போட்டார். மூன்று மாதத்தில் கதிர் பார்க்கிற மனிதர் அவர். மருமகனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று கவலையோடு எழும்பிப் போனார்.

கடற்கரை ஊரின் புழுக்கம் சும்மா இருக்குமா? முதற்பெட்டியின் மூலையில் வெள்ளையாக, தும்பு மிட்டாய் போலப் பூஞ்சணம் படர்ந்தது. இரண்டு கன்று மெழுகாய் உருகிச் சரிந்திருந்தன. றிப்தி அவற்றை ஊசியால் கிள்ளி எறிந்தான். காற்றுப் படட்டும் என்று மூடியைத் திறந்து, பூஞ்சணம் படர்ந்த இடத்தில் கறுவாப்பட்டைத் தூள் தூவினான். கறுவா பூஞ்சணத்தை அடக்கும் என்று எங்கோ வாசித்திருந்தான். செய்ததெல்லாம் சரி. கறுவாவை நஸ்லினின் குசினியில் எடுத்ததுதான் பிழை.

மறுநாள் வேலையால் வரும்போது வாசலிலேயே புரியாணி மணத்தது. பெட்டிக்குள் இருந்துதான்.

“கறுவா மட்டும் போட்டா என்ன வாசம் வரும் மகன்?” என்றார் மாமி. “ஏலமும் கராம்பும் இடிச்சுப் போட்டன். சின்னதுகள்தானே எண்டு பால்மாவும் கொஞ்சம் கரைச்சு ஊத்தினன்.”

பால்மா கிடைத்ததைப் பூஞ்சணம் எப்படிக் கொண்டாடியது என்று எழுத வேண்டியதில்லை. அந்தப் பெட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இரண்டாம் பெட்டியில் வெள்ளை தெரிந்தபோது றிப்தி மூச்சு விடவில்லை. ஆனாலும் மாமா கண்டுவிட்டார். நாற்றில் நோயைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மருமகன் கடைக்குப் போன கையோடு வேலையைத் தொடங்கிவிட்டார்.

“அடியால தண்ணியெல்லாம் ஓடுது மகன், நீங்க காணல்ல போல. களிமண் வெச்சு ஓட்டைய அடைச்சிட்டன். நெல்லுல எரிபந்த நோய்க்கு அடிக்கிற மருந்தும் அடிச்சாச்சு. கொஞ்சம் யூரியாவும் போட்டிரிக்கு.”

பெட்டி நிறையத் தண்ணீர் கட்டியிருந்தது. கள்ளிக் கன்றுகள் மேலே மிதந்தன. வயலாவதற்கு வரம்பு ஒன்று இல்லாததுதான் குறை. றிப்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கெட்ட மனிதராக இருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தபோது, மூன்றாம் பெட்டியை நோக்கி மாமா கையில் குவளையோடு நடந்துகொண்டிருந்தார்.

“மாமா, அத வைங்க. இது என்ட.”

 ‘என்ட’, என்னுடையது என்ற சொல்லை அந்த வளவில் அவன் அதுவரை சொன்னதில்லை. குசினி வாசலில் நின்ற சல்மா உம்மாவின் முகம் வாடிவிட்டது.

“இந்த ஊட்டுல எது மகன் உங்கட இல்ல?”

“எல்லாம் நீங்க தந்ததுதான் மாமி. இது மட்டும்தான் நான் முளைக்க வெச்சது. மத்த ரெண்டு பெட்டியும் பசியில சாகல்ல, கவனிச்சுக் கவனிச்சுத்தான் செத்திச்சு.” மாமியின் முகத்தைப் பார்த்தான். ஆனாலும் நிறுத்தவில்லை. “எனக்கும் இனிக் காணும், போதும் மாமி.”

மாமா குவளையைக் கீழே வைத்தார். அன்று பகல் மாமி சோற்றுக் கரண்டியைத் தொடவில்லை.

அடுத்த நாளும் தொடவில்லை. றிப்தி மேசையில் உட்கார்ந்தான். சோற்றுக் கோப்பை வெறுமையாக இருந்தது. யாராவது வருவார்கள் என்று பார்த்தான். வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழும்பிப் போனான். ரோசம் பொல்லாதது. பசி அதைவிடப் பொல்லாதது என்பது பின்னேரம்தான் தெரிந்தது.

“உம்மாக்குக் கோவமா?” என்று நஸ்லினிடம் கேட்டான்.

“கோவமில்ல. ‘தன்னயும் கள்ளியப் போலக் கவனிக்காம உடட்டாம் மருமகன்’ எண்டு வாப்பாக்கிட்டச் சொல்லி அழுதாங்க. கள்ளிக்குக் கிழமைக்கு எத்தின தரம் தண்ணி எண்டு வாப்பா என்னக் கேட்டார்.”

ஞாயிற்றுக்கிழமை பகல், வயிறு கத்தியபடி இருக்க, றிப்தி குசினிக்குள் போனான். அந்த வீட்டில் முதல் தடவையாகச் சோற்றுப் பானையின் மூடியைத் தானே திறந்தான். எந்தக் கரண்டி எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தேடி எடுத்து, தனக்கு வேண்டிய அளவு தானே போட்டான், ஆணத்தைத் தானே ஊற்றினான். பின்கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதற்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கி நிற்பது தெரிந்தது. அவன் காணாதவன் போல இருந்தான். இது என் வீடு என்று ஒருவரும் சொல்லாமலே மனசில் பட்டது.

உட்கார்ந்து சோற்றைக் கிளறினான். அடியில் ஏதோ தட்டுப்பட்டது. பானையில் அவன் கரண்டி படுகிற இடமாகப் பார்த்து, சோற்றுக்குள்ளேயே அவித்த முட்டை இரண்டைப் புதைத்து வைத்திருந்தார் மாமி.

முட்டையை ஒளித்து வைத்த கை பெட்டியை மட்டும் சும்மா விட்டிருக்குமா என்று றிப்திக்குத் திடுக்கென்றது. சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலடிக்கு ஓடி, மூன்றாம் பெட்டிக்குள் விரலை வைத்துப் பார்த்தான்.

மண் காய்ந்துதான் இருந்தது. பச்சைப் புள்ளிகள் எல்லாம் இருந்தன.

அவன் திரும்பி வந்து இரண்டு முட்டையையும் தின்றான்.