மலிவாக வந்த பொலிகுதிரை

பண்ணையின் கிழட்டுப் பொலிகுதிரை குடல் முறுக்கிச் செத்துப்போனது. இணை சேர்க்க வேறொன்று இல்லாவிட்டால், லாயத்தில் நிற்கும் பெண் குதிரைகள் அத்தனையும் தண்டத்துக்குத் தீனி தின்னும். பந்தயங்களில் பேர் வாங்கிய குதிரையை விலைக்குக் கேட்க அக்காவுக்கும் தம்பிக்கும் ஏழு ஜென்மம் போதாது. ஆகவே மலிவில் தேடினார்கள்.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தீனி வியாபாரி, கால்நடை டாக்டர், அவளைவிட மூத்த லாடக்காரர் வரைக்கும். உள்ளபடி அவளுக்கு ஒரே ஒரு தம்பிதான். வரவு செலவும் வாய்ப்பேச்சும் அவன் பொறுப்பு. குதிரையைப் பார்ப்பது அவள் பொறுப்பு.

மலிவான குதிரை என்றால் அதில் ஏதோ ஒரு குறை இருந்தே தீரும். அதை மறைத்து வைத்திருக்கிறார்களோ என்று அவள் பதற மாட்டாள். அந்தக் குறை குதிரையோடு முடியுமா, குட்டிக்கும் இறங்குமா என்று மட்டும் பார்ப்பாள். வண்டியிலிருந்து விழுந்து ஒடிந்த கால் குட்டிக்கு வராது. முதலாளி நொடித்துப்போனதால் ஓடாமல் நின்றதும் வராது. மூச்சுக்குழல் கோளாறு வரும். கோணல் கால் வரும்.

ஒரு கட்டட கான்ட்ராக்டர் பந்தயக் குதிரை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கிடங்குக்குப் பின்னால், சிமெண்ட் கலக்கும் இயந்திரத்துக்கும் கம்பிக் கட்டுக்கும் நடுவில் அந்தச் செவலைக் குதிரை நின்றது. அக்காவோடு தம்பியும் அவள் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஜாக்கி. அக்காவின் மகள் விரும்பிக் கட்டிக்கொண்டவன். கல்யாணத்தன்று பெண்ணைவிட மாப்பிள்ளைதான் எடை குறைவு என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரிப்பான், அப்படி ஒரு சுபாவம்.

"நாலு ரேஸ் ஓடினான், மூணு ஜெயிச்சான். நாலாவதுல முழங்கால் எலும்பு தெறிச்சுப்போச்சு. எனக்கு நேரம் சரியில்ல, வேற என்ன?" என்றார் கான்ட்ராக்டர்.

அக்கா குதிரையைச் சமதளமான தரையில் நிறுத்தச் சொன்னாள். முன்னால் நடத்தி, பின்னால் நடத்தி, ஓடவிட்டு நிறுத்தி அதன் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டாள். நெஞ்சு அகலம். இடுப்பு இரும்பு. மூச்சில் சத்தமே இல்லை. தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் வேகத்துக்குப் பஞ்சமில்லை. பிறகு பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து முன்னங்கால்களை வெகுநேரம் பார்த்தாள். முழங்கால் நேராக இல்லை. இம்மியளவு பின்னால் வளைந்திருந்தது. அப்படிப்பட்ட கால், வேகம் கூடக்கூட முழங்காலின் முன்பக்கத்து எலும்பை நசுக்கும்.

"நேரம் சரியில்லாம தெறிக்கல, கால் அப்படி" என்றாள் தம்பியிடம்.

"குட்டிக்கு வருமா?"

"வரலாம். நம்ம பொட்டைங்களுக்குக் கால் நேரா இருக்கு. பாதிக்குப் பாதி சரிக்கட்டும்."

மாப்பிள்ளையும் குனிந்து முழங்காலைத் தடவிப் பார்த்தான். "அத்தை, கால் மட்டும் நேரா இருந்திருந்தா இவன் நம்மகிட்ட வருவானா? நம்மைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டான்" என்றான்.

அது சரிதான். வாங்கினார்கள்.

முதல் ஈற்றுக் குட்டிகளில் பெரும்பாலானவை தாயின் காலோடு பிறந்தன. அக்காவுக்கு மூச்சு வந்தது. ஒன்று மட்டும் நிறம் தவிர தகப்பனை அப்படியே உரித்துக்கொண்டு வந்தது, முழங்கால் உட்பட. கன்னங்கரேலென்று இருந்த அந்தப் பெண் குட்டியைக் கருப்பி என்று கூப்பிட்டார்கள். விற்பனை நாளில் வந்தவர்கள் அதன் அழகைப் பார்த்து நின்றார்கள், குனிந்து காலைத் தொட்டார்கள், வாயைத் திறக்காமல் அடுத்த குட்டிக்குப் போனார்கள். விலை போகாததை அவர்களே ஓட்டுவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை ஏறினான்.

கருப்பி முதல் பந்தயத்தில் ஜெயித்தது. இரண்டாவதில், மற்ற குதிரைகள் ஏதோ மாட்டுவண்டியில் பூட்டியவை போலப் பின்தங்கின. மாப்பிள்ளை இறங்கிக் கருப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "அத்தை, இந்த மாதிரி ஒண்ணு மேல நான் உட்கார்ந்ததே இல்ல" என்றான். அக்கா அன்று சாயங்காலம் கருப்பியின் முழங்கால்களில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இடது கால் லேசாகச் சுட்டது. டாக்டர் படம் எடுத்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, ஓய்வு கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். சூடு அடங்கியது.

மூன்றாவது பந்தயத்தில் கடைசித் திருப்பத்துக்கு வரும்போது கருப்பிக்கும் அடுத்த குதிரைக்கும் நடுவில் ஒரு லாரியைத் திருப்பலாம். அப்போது கருப்பியின் முழங்கால் ஒடிந்து தலை கீழே போனது. மாப்பிள்ளை முன்னால் விழுந்தான். குதிரை அவன் மேல் உருண்டது.

அக்கா கம்பி வேலியைத் தாண்டி ஓடினாள். மனுஷன் ஒரு பக்கம் கிடந்தான், மூன்று காலில் எழுந்து நிற்கப் பார்த்த குதிரை ஒரு பக்கம். அவள் கால்கள் முதலில் குதிரையின் பக்கம் போயின. நாலைந்து எட்டுதான். சுதாரித்துத் திரும்பிவிட்டாள். பின்னாலேயே ஓடிவந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

குதிரையைச் சுற்றித் திரையைப் பிடித்தார்கள். ஆம்புலன்ஸ் கதவு சாத்துமுன் திரைக்குள்ளிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை பிழைத்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. டாக்டர்கள் முதலில் பார்க்கலாம் என்றார்கள், பிறகு பழகிக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் கேட்டாள்.

"அந்தக் கால் அப்படின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவருக்கு?"

"அவருக்கும் தெரியும்."

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இப்படி ஒரு சாவுக்குப் பிறகு அந்தப் பொலிகுதிரையை ஏறெடுத்துப் பார்க்க ஆள் வராது என்று அக்கா நினைத்தாள். நடந்தது தலைகீழ். அந்தத் திருப்பத்தில் கருப்பி முன்னால் வந்த வேகத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பெரிய பண்ணைகளிலிருந்துகூடப் பெண் குதிரைகளை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள்.

"போன் ஓயல அக்கா" என்றான் தம்பி. தீவன அறையில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். "இன்னைக்கு அவன் விலை என்ன தெரியுமா? கான்ட்ராக்டர் கேட்டா நெஞ்சடைச்சே போயிடுவான்."

"அவனை இனிமே சேர்க்க வேண்டாம்."

"என்ன பேச்சு இது?"

"கருப்பி மாதிரி இன்னும் பத்து பொறக்கும். அது ஒவ்வொண்ணு மேலயும் யாரோ ஒருத்தன் உட்காருவான்."

தம்பி மூட்டையிலிருந்து இறங்கினான். அவன் கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியில் ராப்பகலாகக் கிடந்தவன் அவன்தான்.

"மாப்பிள்ளையைக் காலமெல்லாம் வச்சுப் பாக்கணும். புரட்டிப் போட ஆள் வேணும், மருந்து வேணும். நம்மகிட்ட வேற என்ன இருக்கு? இந்தக் குதிரை ஒண்ணுதான். யாரோ ஒருத்தனுக்காகப் பாக்கறியே, நம்ம வீட்டுல கிடக்கறவன் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

அக்கா மாப்பிள்ளையிடமே போய்க் கேட்டாள். படுக்கையில் கிடந்தவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "வச்சுக்குங்க அத்தை. அவ்வளவு வேகத்தை யாராவது வேணாம்பாங்களா?" அவன் அப்படிச் சொன்னதுதான் அவளைக் கலக்கியது. உடம்பு பாதி செத்துக் கிடப்பவனே மறுபடி ஏறுவான் என்றால், நல்ல காலோடு இருப்பவன் எவன் மாட்டேன் என்பான்?

பந்தயச் சீசன் முடிந்து இணை சேர்க்கும் காலம் வருமுன், தம்பி வெளியூர் போயிருந்த ஒரு காலையில் அவள் கால்நடை டாக்டரை வரவழைத்தாள். "அக்கா, காயடிச்சா அடிச்சதுதான், திரும்ப ஒட்டவைக்க முடியாது. தம்பிக்குத் தெரியுமா?" என்றார். "நீங்க ஊசியைப் போடுங்க" என்றாள். குதிரை மயங்கிப் புல்லில் சாய்ந்தபோது அதன் தலையை மடியில் தாங்கிப் பிடித்திருந்தது அவள்தான்.

தம்பி திரும்பி வந்து கத்தவில்லை. அதுதான் கொடுமை. தன் பங்குப் பெண் குதிரைகளைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அதன்பின் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள்தான் வந்து கத்தினாள்.

"எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேல்ல! அன்னைக்கும் நீ குதிரைகிட்டத்தானே ஓடின? இன்னைக்காவது அவர் பக்கம் நின்னிருக்கலாம்ல?"

குதிரைக்கு எதிராகத்தான் செய்தேன் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரை வந்தது. சொல்லியிருந்தாலும் மகள் காதில் ஏறியிருக்காது.

தன் பங்கில் மிஞ்சிய குதிரைகளை ஒவ்வொன்றாக விற்று மகள் வீட்டுச் செலவுக்குக் கொடுத்தாள். மகள் வாங்கிக்கொண்டாள். பேச மட்டும் மாட்டாள். அதற்கு முன்பே பிறந்து விற்றுப்போன குட்டிகள் இருந்தனவே, அவற்றை வாங்கியவர்களுக்கு அக்கா போன் செய்தாள். முழங்காலைப் படமெடுத்துப் பாருங்கள், அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள் என்றாள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர், தம்பியோடு சண்டை என்பதால் வியாபாரத்தைக் கெடுக்கிறாள் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஒளிக்காமல் சொன்னார்: "ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா."

தினமும் மத்தியானம் மகள் வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைத்துவிடுவாள். அவன் டிவியில் பந்தயம் பார்ப்பான். ஒருநாள் அவளுக்குத் தெரிந்த நடை ஒன்று திரையில் தெரிந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு செவலை. "அத்தை, இது நம்மவன் குட்டி!" என்று மாப்பிள்ளை கையை ஊன்றி எம்பப் பார்த்தான். "போடா ராஜா, போ! அப்படித்தான்!"

குட்டி ஜெயித்தது. மாப்பிள்ளை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அக்கா ஈரத்துணியைப் பிடித்தபடி அதன் முன்னங்கால்களையே பார்த்தாள். கேமரா ஜாக்கியின் முகத்துக்குப் போயிற்று. மிகவும் சின்ன வயசுக்காரன், வாயெல்லாம் பல். மறுபடி கால்களைக் காட்டவில்லை.

மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அவனோட குட்டியா?"

"ஆமா" என்றாள் அக்கா.

மகள் டிவியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "ஜெயிச்சிருச்சுல்ல" என்றாள். பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரங்களைப் போட்டு உருட்டத் தொடங்கினாள்.