லீலண்டோடு வந்தவர்

உறையைப் பிரிக்க மார்லிஸ் வெண்ணெய் தடவும் கத்தியைத்தான் எடுத்தாள். மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த அவள் அறையில் கத்தரிக்கோல் எப்போதும் காணாமல் போய்விடும். மதியச் சாப்பாட்டு டப்பாவில் இருக்கும் கத்தி மட்டும் போகாது. தலைக்கு மேல் நீராவிக் குழாய் தட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னல் என்று ஒன்று உண்டு. கூரையோரமாக ஒரு முழ அகலம். ஜனவரியில் அதையும் பனி மூடிவிடும். எட்டு மாதம் காத்திருந்த உறை. உள்ளே அறுபத்தொரு பக்கம். முதல் பக்கத்தில் அவளுடைய மாமாவின் பெயர் தட்டச்சில் இருந்தது: ஹாகன், லீலண்ட்.

ஆறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. அந்த மாவட்டத்திலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் போன முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றியும் ஒரு புத்தகம் போடுவதென்று மாவட்ட வரலாற்றுக் கழகம் தீர்மானித்தது. ஆளுக்கு அரைப் பக்கம். தளபதிகள் யாரும் இல்லை. டிரக் ஓட்டியவர்கள், ரொட்டி சுட்டவர்கள், தொலைபேசிக் கம்பி இழுத்தவர்கள். அவர்களுடைய காகிதங்களில் பெரும்பகுதி செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவணக் காப்பகத்தில் 1973இல் பிடித்த தீயில் போய்விட்டது. மிச்சம் மீதியைத்தான் மார்லிஸ் பொறுக்கினாள். படைப்பிரிவின் அன்றாட வருகைக் குறிப்பு, கடைசிச் சம்பளச் சீட்டு, மருத்துவமனைப் பட்டியல். காகிதத்தில் இல்லாத ஒரு வார்த்தையையும் எழுத மாட்டாள் என்று அவளுக்கு ஊரில் பெயர். ஸ்டெனரூட் வீட்டம்மா தன் கணவர் குறி தவறாத துப்பாக்கி வீரர் என்று போடச் சொன்னாள். அவர் மூன்று வருடமும் ராணுவச் சலவை நிலையத்தில் இருந்தவர். மார்லிஸ் சலவை நிலையம் என்றே எழுதினாள். அன்றிலிருந்து அந்த அம்மாள் தேவாலயத்தில் இவளைப் பார்த்தால் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள்.

லீலண்ட் மாமாவுக்குக் காகிதமே தேவையில்லை என்பதுதான் குடும்பத்தின் நினைப்பு. அவர் எப்படிச் செத்தார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நாற்பத்தைந்து ஜனவரியில், பெல்ஜியத்தில், பனிக் காட்டில் குண்டடிபட்டார். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டவர் அவருடைய சிநேகிதர் ஆரின். கடைசியாக லீலண்ட் அவரிடம், “எனக்குக் குளிரலைன்னு அம்மாகிட்ட சொல்லு” என்றாராம். படை பின்வாங்க வேண்டியிருந்ததால் உடலை அங்கேயே விட்டு வர நேர்ந்தது. பிறகு அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு ஆரின் இந்த மினசோட்டா மூலைக்கு வந்தார், ஹாகன் குடும்பத்தின் நிலத்தில் உழுதார், லீலண்டின் தங்கை ஐவாவைக் கட்டிக்கொண்டார். அவர்களுக்குப் பிறந்தவள்தான் மார்லிஸ். போர் நினைவு நாள் ஊர்வலத்தில் முதல் காரில் உட்காருகிறவர் அவளுடைய அப்பா.

இறந்தவர்களின் கோப்புகள் வேறு ஊரில் இருந்ததால் தீக்குத் தப்பின. மார்லிஸ் பக்கம் பக்கமாகப் படித்தாள். லீலண்ட் ஹாகன் ஜனவரி ஒன்பதில் காணாமல் போனார். மார்ச் கடைசியில் பனி உருகியபோது காட்டின் ஓரத்தில் ஒரு பள்ளத்தில் கிடைத்தார். தனியாக. பற்களை வைத்து அடையாளம் கண்டார்கள். இடது தொடை எலும்பு முறிவு. வேறு காயம் எதுவும் காணப்படவில்லை. அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். கால் முறிந்ததால் மட்டும் ஒருவன் சாவதில்லை. அந்தக் குளிரில் எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கிய மனத்தை இழுத்து நிறுத்தினாள்.

ஐம்பத்து நான்காம் பக்கம் ஒரு ரசீது. நாற்பத்தேழு டிசம்பரில் சவப்பெட்டி ரயிலில் ஊர் வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் லீலண்டின் தாய் ஹாகன் அம்மாளின் நடுங்கும் கையெழுத்து. அதற்கு மேலே, பெட்டிக்குத் துணையாக ராணுவம் அனுப்பிய சிப்பாய் என்ற இடத்தில், அவள் தினமும் மளிகைப் பட்டியலில் பார்க்கிற கையெழுத்து. ஆரின் டைக்.

துணைக்கு வந்தவர். அவ்வளவுதானா? சிநேகிதர் என்பதற்காக அனுப்பியிருப்பார்களோ? அப்பா பிறந்தது நெப்ராஸ்காவில். அங்கே உள்ள நீதிமன்றத்துக்கு எழுதினாள்; படையிலிருந்து திரும்பியவர்கள் விடுவிப்புப் பத்திரத்தை அங்கே பதிவு செய்வது வழக்கம். மூன்று வாரத்தில் நகல் வந்தது. அந்த மூன்று வாரமும் அப்பாவுக்குக் காபி ஊற்றினாள், மாத்திரை எடுத்து வைத்தாள், வாசல் பனியை அள்ளினாள், அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நகலில் எழுதியிருந்தது: படையில் சேர்ந்தது நவம்பர் 1945. போர் முடிந்து மூன்று மாதம் கழித்து. வெளிநாட்டுச் சேவை: இல்லை.

அடித்தளத்து அறையில் அவள் அந்த நகலை ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா இறந்த வருடம் மார்லிஸுக்கு இருபத்தெட்டு வயது. அவள் கட்டிக்கொள்வதாக இருந்த டுவேனுக்கு, தூரத்து மேற்குக் கரையில் டக்கோமாவில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைத்து, நீயும் வா என்று கூப்பிட்டான். அவள் பெட்டி வாங்கிவிட்டாள். டிசம்பர் பிறந்ததும், ஒவ்வொரு குளிர்காலமும் செய்வதுபோல், அப்பா பேச்சை நிறுத்தினார். மார்ச் வரைக்கும் ஆமாம், இல்லை மட்டும்தான். “என் அண்ணன் சாவைக் கண்ணால பார்த்த மனுஷன். அவரைத் தனியா விட்டுட்டுப் போவியாடி?” என்று டெலோரஸ் சித்தி கேட்டாள். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப் போட்டாள். மூன்றாம் வருடம் டுவேனின் கல்யாணப் பத்திரிகை வந்தது. இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு.

அன்று மதியமே வீட்டுக்குப் போனாள். அப்பா சமையலறை மேஜையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். இரண்டு காகிதங்களையும் தோல் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ரசீதை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“அப்ப என் கையெழுத்து நல்லா இருந்துச்சு” என்றார்.

“அப்பா.”

“இதெல்லாம் எரிஞ்சு போச்சுன்னுதானே சொன்னாங்க.”

“உங்களோடது எரிஞ்சிருக்கும். மாமாவோடது எரியல.”

அவர் தலையாட்டினார். பாதி சீவிய கிழங்கை எடுத்தார், சீவாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“பதினோரு பெட்டி கொண்டு போய்க் குடுத்தேன், மார்லி. எனக்கு இருபத்தொரு வயசு. கொடியை மடிச்சுக் குடு, சல்யூட் வை, வாயைத் திறக்காதே, இதான் உத்தரவு. போற வீட்டுல எல்லாம் ஒரே கேள்வி. ‘நீ என் பிள்ளையைப் பார்த்தியாப்பா?’ இல்லைம்மான்னு சொல்லுவேன். அவங்க மூஞ்சி அப்படியே மூடிக்கும். அடைச்ச கடை மாதிரி. பத்து வீட்டுலயும் இல்லைன்னு சொன்னேன். பதினோராவது இந்த வீடு. ரெண்டு நாள் ரயில்ல தூங்கல, சாப்பிடல. உன் பாட்டி எனக்குச் சூப்பு ஊத்திக் குடுத்துட்டு, எதிர்ல உக்காந்து கேட்டாங்க. ஆமாம்மான்னு வந்துடுச்சு.”

“அதோட நிறுத்தியிருக்கலாம்ல?”

“‘என்ன சொன்னான்?’னு கேட்டாங்களே. வெளியில பனி கொட்டிக்கிட்டிருந்துச்சு. வாயில வந்தது குளிரு.”

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது ஐவா ரயிலடி வரைக்கும் வந்தாளாம். கடிதம் போட்டாளாம். படையிலிருந்து விடுபட்டதும் ஒரே ஒரு வாரம் இருந்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதென்றுதான் வந்தாராம். லீலண்டின் கட்டிலில் படுக்க வைத்தார்கள். லீலண்டின் பூட்ஸ் அவர் காலுக்குச் சரியாக இருந்தது. “சரியா இருக்குன்னு உன் பாட்டி அழுதாங்க. அப்புறம் எங்க போறது? அம்பது வருஷம் ஆச்சு. பனி விழ ஆரம்பிச்சா யாராவது கேப்பாங்க. அதுக்குப் பயந்துதான் பேச மாட்டேன். சொன்னதையே திருப்பிச் சொல்றப்ப எங்கேயாவது மாறிடுமோன்னு.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“கேக்கல. நான் சொல்லல.”

“நான் இருபது வருஷம் இங்க உக்காந்திருக்கேன். நீங்க பார்க்காத ஒரு பனிக்காக.”

“நான் உன்னை இருன்னு சொல்லலையே, மார்லி.”

“போன்னும் சொல்லல.”

கிழங்கு அவர் கையில் கறுத்துக்கொண்டிருந்தது. கடைசியில், அவளைப் பார்க்காமல், “உள்ளபடி அச்சுல போட்டுடு. டெலோரஸ்கிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது” என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று அவளுக்கு இருந்தது. ஐம்பது வருடம் சுமந்ததை மேஜையைத் தாண்டி இந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார். அதன்பின் எழுந்து போய் வானொலியில் வானிலை கேட்கத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் மார்லிஸ் மாமாவின் கோப்புக் காகிதங்களை எடுத்துக்கொண்டு டெலோரஸ் சித்தி வீட்டுக்குப் போனாள். வழி முழுக்கப் பனித்தூறல். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் காரிலேயே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். சித்திக்கு அறுபத்தொன்பது; மூன்று மகன்களும் மூன்று மாநிலத்தில். இடுப்பு முறிந்ததிலிருந்து நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நாக்குக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

“வாடி, வா. பூட்ஸை அங்கேயே கழட்டு, என் தரையை ஏரியாக்காதே. அந்தச் சலவைக்காரர் பெண்டாட்டி இன்னும் உன்னோட பேசலையாமே?”

“பேசல, சித்தி.”

“நல்லதாப் போச்சு. அவ பேசினா வாய் மூடாது. உக்காரு. நீ எழுதறதுக்கு முன்னாடி நான் எழுதி வெச்சிருக்கேன், பாரு.”

பழைய மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். லீலண்டின் பிறந்த தேதி, பள்ளி, படைப்பிரிவு, கடைசியில் அந்தச் சொல். எனக்குக் குளிரவில்லை என்று அம்மாவிடம் சொல். “இந்த வரி தடிச்ச எழுத்துல வரணும். கீழ ஆரின் அத்தான் பேரு. அத்தான் கூச்சப்படுவாரு, நீ காதுல வாங்காதே.”

மார்லிஸ் காகிதக் கோப்பை மடியில் வைத்தபடி, “சித்தி, மாமாவோட ராணுவக் காகிதம் வந்திருக்கு” என்றாள். “அதுல வந்து…”

“தெரியும். அத்தான் காலையில போன் பண்ணாரு. ‘மார்லி வருவா, ஒண்ணு சொல்லுவா, கேட்டுக்கோ’ன்னாரு. அவ்வளவுதான், வெச்சுட்டாரு. என்னடா இதுன்னு நானும் காபி போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கேன்.” சித்தி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. நடைச்சட்டத்தின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். “நீ சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். எவ்வளவு நேரம்டி ஆச்சு?”

“எதுக்கு?”

“அண்ணனுக்கு. உயிர் போறதுக்கு. தந்தி வந்தப்ப எனக்குப் பதினாலு வயசு. கன்னுக்குட்டி ஒண்ணு அந்த வருஷம் வேலிக்கு வெளியில மாட்டிக்கிச்சு, ராத்திரி பூரா கத்தினது, விடியக்காலையில நின்னு போச்சு. நான்தான் போய்ப் பார்த்தேன். அன்னியிலேருந்து எனக்கு அதேதான். அத்தான்கிட்டக் கேக்க பயம். அம்மாவுக்காகச் சொன்ன மாதிரி எனக்கும் நல்லதா ஒண்ணு சொல்லிடுவாரோன்னு. உன்கிட்ட அந்தப் பயம் இல்ல. சலவைக்காரனைச் சலவைக்காரன்னே எழுதறவ நீ. காகிதத்துல என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லு. ராத்திரி பூராவா?”

மார்லிஸ் கோப்பைத் திறந்தாள். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. விரல் தானாக அங்கே போய் நின்றது. எலும்பு முறிவு. வேறு காயம் எதுவும் காணப்படவில்லை. எதிரே சித்தியின் முகம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்களில் இருந்தது பதினாலு வயது. காரில் தயார் செய்த நாலு வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“பத்து நிமிஷம்” என்றாள்.

“பத்து நிமிஷமா?”

“அதுக்குள்ளதான். நெஞ்சுல பட்டிருக்கு. வலி தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் எழுதியிருக்கார்.”

தன் குரல் எவ்வளவு நிதானமாக வருகிறது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஆறு வருடமாகக் காகிதம் படித்துச் சொல்லும் அதே குரல். சித்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. மூடிய கைகளை எடுத்தபோது முகம் ஈரமாக, களைத்து, யாரோ வேறொருத்தியுடையது போல் இளகி இருந்தது.

“பத்து நிமிஷம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பென்சிலை எடுத்து உறையின் ஓரத்தில் அதைக் குறித்தாள். “இதையும் போட்டுடு, மார்லி. டாக்டர் சொன்னதை அப்படியே போடு. நீ போட்டா ஊரு நம்பும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆமா, நீ ஏதோ சொல்ல வந்தியே?”

“இதுதான் சித்தி. இதைத்தான் சொல்ல வந்தேன்.”

“இதுக்கா அத்தான் அப்படிப் பீடிகை போட்டாரு?” சித்தி நடைச்சட்டத்தை ஊன்றி எழுந்து, ஜாடியிலிருந்து அவள் கோப்பையில் காபியை விளிம்பு வரை ஊற்றினாள். “குடி. அவசரம் ஒண்ணும் இல்லையே உனக்கு.”

தெருவில் நகராட்சியின் பனி தள்ளும் வண்டி வரும் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மஞ்சள் விளக்கு சுவரில் ஒரு தடவை ஓடி மறைந்தது. வண்டி நிற்காமல் போனது. போகிற போக்கில் தெருப் பனி முழுவதையும் ஓரமாக ஒதுக்கித் தள்ளி, சித்தி வீட்டு வாசல் பாதையின் குறுக்கே, மார்லிஸின் காருக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்துக்குக் குவித்துவிட்டுப் போனது.