கேட் திறக்கும் முன்னால்

காலையில் முதல் ஆளாகப் போவதா, சாயங்காலம் கடைசி ஆள் வரை இருந்துவிட்டு வருவதா என்று வினோதாவுக்கும் கஜேந்திரனுக்கும் ஒரு வாரமாக வழக்கு.

லிந்துலைக்கு மேலே, காடேறிப் போன தேயிலை மலை ஒன்றைச் சமப்படுத்தி, போன வருஷம்தான் அந்தப் பார்க்கைத் திறந்திருந்தார்கள். ராட்டினம், குட்டி ரயில், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் உண்டு. மகள் யதுஷாவுக்கு ஆறு வயது. அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் போய்விட்டு வந்து கதை சொல்லிவிட்டன. இனியும் சாக்குச் சொல்ல முடியாது.

"பொழுது சாஞ்சாத்தான் லைட்டெல்லாம் போடுவான். மூடுற வரைக்கும் இருந்தோம்னா கூட்டம் கலைஞ்சிரும். சாவகாசமா ஏறலாம்" என்றான் கஜேந்திரன். ஆட்டோ ஓட்டுகிறவன். ராத்திரி ஒன்பது மணி அவனுக்கு ஒரு நேரமே இல்லை.

வினோதா கொழுந்து பறிக்கிறவள். நாலு மணிக்கு எழும்பிப் பழகிய உடம்பு. "மூடுற நேரத்துல பிள்ளை தூங்கிப் போயிரும். அதைத் தோள்ல போட்டுக்கிட்டு லைட்டப் பாத்துக்கிட்டு நிக்கவா? பத்து மணியானா கொழும்பு வேனெல்லாம் வந்துரும். நுவரெலியாவுல அன்னைக்கு என்னாச்சு? ரெண்டு மணித்தியாலம் லைன்ல நின்னுட்டு ஒண்ணுலயும் ஏறாம வந்தோம்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே புறப்பட்டார்கள்.

பார்க் திறப்பது எட்டரைக்கு. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழு கூட ஆகவில்லை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. காவல்காரர் வீரய்யா இவர்கள் தோட்டத்துக்காரர்தான். வினோதாவுக்கு மாமா முறை. கம்பளித் தொப்பியும் டோர்ச் லைட்டுமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கோழி கூவ முந்தி வந்து நிக்கிறீங்க?"

"இவ சொல் பேச்சுக் கேட்டா இப்படித்தான் மாமா" என்றான் கஜேந்திரன்.

பிள்ளை குளிரில் பல் தந்தியடிக்க நின்றதைப் பார்த்து அவர் சின்னக் கேட்டைத் திறந்துவிட்டார். "ரயில் ஸ்டேசன்ல கூரை இருக்கு, போய் உக்காருங்க. மெனேஜர் வர்ற வரைக்கும் ஒண்ணையும் தொட்றாதீங்க. நாய் ரெண்டு கெடந்துச்சு, அதுங்க இருந்தா உங்களை உள்ளயே விட்டிருக்காது. மழைக்கு மூணு நாளாப் பார்க் பூட்டிக் கெடந்துச்சு, முந்தாநாள்லருந்து ஒண்ணையும் காணோம். எங்க போய்த் தொலைஞ்சதுகளோ." பம்பு போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் கீழே பள்ளத்துக்கு இறங்கிப் போனார். கஜேந்திரன் ஆட்டோவைப் பெரிய கேட்டோரம் விட்டுவிட்டு, சந்திக் கடையில் தேத்தண்ணியும் ரொட்டியும் வாங்கிவர நடந்தான்.

ரயில் ஸ்டேசன் என்பது ஒரு சிமெந்து மேடை, நாலு தூண், தகரக் கூரை. குட்டி ரயில் அங்கே நின்றது. அதற்கு முன்னால் தண்டவாளம் பத்துப் பன்னிரண்டு அடி ஓடி, செயற்கையாகக் கட்டிய ஒரு குகைக்குள் நுழைந்தது. யதுஷா கெஞ்சிக் கூத்தாடி முதல் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வினோதா கைப்பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு மேடையில் நின்றாள்.

முதலில் வந்தது நாற்றம். எலி செத்த நாற்றம் போல, ஆனால் அதைவிடக் கனமாக. பிறகு குகைக்குள்ளிருந்து மெல்லிய சத்தம்.

"அம்மா, பூனைக்குட்டி!"

வினோதா திரும்புவதற்குள் பிள்ளை பெட்டியிலிருந்து குதித்துத் தண்டவாளத்தில் ஓடினாள். குகை வாயில் நின்று, முட்டியில் கையூன்றிக் குனிந்து உள்ளே பார்த்தாள். "ரெண்டும்மா! புள்ளி புள்ளியா இருக்கு!"

புள்ளி என்றதும் வினோதா மேடையிலிருந்து குதித்தாள்.

ஓடினாள். பிள்ளையின் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்தபோது உள்ளே இருட்டில் நாலு கண் மின்னியது. சாம்பல் நிறத்தில், உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவில் இரண்டு குட்டிகள். அவற்றுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ன என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் நாயின் பின்னங்கால் என்று தெரிந்தது.

குட்டி இங்கே என்றால் தாய் எங்கே?

தாய் குகையின் கூரை மேல் நின்றது. எப்போது வந்தது, எந்தப் பக்கமாக வந்தது, எதுவும் தெரியவில்லை. பனிக்குள்ளேயே முளைத்தது போல நின்றது. தலையைத் தாழ்த்தி, தோள் எலும்புகள் மேலே துருத்த, கண் கொட்டாமல் யதுஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிறுத்தையைத் தோட்டத்தில் புலி என்றுதான் சொல்வார்கள். மலையில் வேலை செய்கிற பெண்களுக்கு அதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குனிந்து கிடக்கிறவள் மேல்தான் அது ஆடென்று நினைத்துப் பாயும். முதுகைக் காட்டி ஓடினால் விரட்டும். நிமிர்ந்து நில், உயரமாகத் தெரி, மெல்லப் பின்னால் போ. தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் ஒருத்தியைச் சிறுத்தை அடித்த அன்று, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் வைத்துக் கங்காணி சொன்னது. ஆனால் அன்று சொன்னது பெரிய ஆட்களுக்கு. ஆறு வயதுப் பிள்ளை எப்படி உயரமாகத் தெரியும்?

வினோதா பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தன் தோளில் வைத்தாள். "கண்ண மூடிக்க. அம்மா தலையப் புடிச்சிக்க. சத்தம் போடாத" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு கால் பின்னால் வைத்தாள். சிறுத்தை கூரையிலிருந்து இறங்கியது. குதித்த சத்தமே கேட்கவில்லை. இன்னொரு கால். அது குகை வாயில் வந்து நின்று உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி இவர்களைப் பார்த்தது. தொண்டைக்குள் மரம் அறுப்பது போல ஒரு சத்தம்.

கழுத்து வழியாக வெதுவெதுவென்று ஏதோ இறங்கியது. பிள்ளை ஒன்றுக்குப் போயிருந்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

தண்டவாளத்தை விட்டு ஓரமாகப் பின்வாங்கினாள். எங்கே போவது? கேட் குகைக்கு அந்தப் பக்கம். டிக்கட் அறையில் பூட்டுத் தொங்கியது. இடுப்பில் ஏதோ இரும்பு இடித்தது. ஸ்டேசனுக்குப் பக்கத்து ராட்டினத்தின் அடிப் பெட்டி. சுற்றிலும் கம்பி வலை, மேலே தகரம். கையைப் பின்னால் விட்டுத் தடவி, கதவைக் கண்டுபிடித்தாள். பிள்ளையைத் தோளிலிருந்து அப்படியே உள்ளே சரித்து, தானும் ஏறினாள். பெட்டி கிறீச்சென்று ஆடியது. அந்தச் சத்தத்துக்குத்தான் அது பாய்ந்து வந்தது.

கொக்கி வெளிப்பக்கம். ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்து, இன்னொரு கையை வலைச் சந்தில் விட்டுக் கொக்கியைத் தேடினாள். விரல் மரத்துப் போயிருந்தது. தட்டுப்பட்டது, நழுவியது, மறுபடி தட்டுப்பட்டது. கொக்கி விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். தோல் உரிந்து ரத்தம் வந்ததை அவள் பிறகுதான் பார்த்தாள்.

சிறுத்தை இரண்டு அடி தூரத்தில் நின்றது, பிறகு பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. அதன் மூச்சு கம்பியில் பட்டு ஆவியானது. மீசை மயிரில் பனித்துளி நின்றதைக்கூட வினோதா பார்த்தாள். பிள்ளையின் முகத்தை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் மனதுக்குள் கூப்பிட்டாள். மாரியம்மாவுக்கு அடுத்த பெயர் வரவில்லை. மாரியம்மா, மாரியம்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் செருப்புச் சத்தம் கேட்டது. கஜேந்திரன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

சிறுத்தையின் காது அந்தப் பக்கம் திரும்பியது.

"ஏங்க! நில்லுங்க! அங்கயே நில்லுங்க!"

"என்னா வெளையாட்டு இது? எங்க இருக்கே?"

"புலிங்க! குனியாதீங்க, ஓடாதீங்க! அப்படியே பின்னால போங்க!"

பனி ஒரு நொடி விலகியது. கையில் தேத்தண்ணிப் போத்தலோடு அவன் நிற்பது தெரிந்தது. அவனுக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் அது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பெட்டியைப் பார்த்தான், அதைப் பார்த்தான். பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனான். பனி மூடிக்கொண்டது. கொஞ்சம் கழித்துச் சின்னக் கேட் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

போகச் சொன்னவள் அவள்தான். ஆனாலும் அந்தச் சத்தத்தில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. போய்விட்டான். நம்மை விட்டுவிட்டுப் போயே விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, ரயில் பெட்டியில் கைப்பைக்குள் அவள் போன் அடித்தது. சிறுத்தை ஒரே தாவலில் அங்கே போய்ப் பெட்டியின் விளிம்பில் முன்னங்காலை வைத்து நின்றது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அது உறுமியது. பிறகு போன் நின்றது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். அது எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

"அம்மா, அப்பா எங்க?"

"வருவாரு."

"எப்ப?"

"பேசாதடா கண்ணு."

எவ்வளவு நேரம் என்று கேட்டால் வினோதா இன்றைக்கும் ஒரு மணித்தியாலம் என்பாள். கஜேந்திரன் பதினைந்து நிமிஷம் என்கிறான். முதலில் கேட்டது பெரிய கேட்டின் இரும்புச் சத்தம். அடுத்து ஹோர்ன். விடாமல், காதைப் பிளக்கிற மாதிரி. பனிக்குள் ஒற்றை விளக்கு மஞ்சளாகக் குலுங்கிக் குலுங்கி வந்தது. பூச்செடிப் பாத்தியெல்லாம் நசுங்க, ஆட்டோ நேராக ராட்டினத்தடியில் வந்து முட்டி நின்றது. பின் சீட்டில் வீரய்யா ஒரு தகரத்தை இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார். குகைக்குள் ஒரு வால் நுழைந்து மறைவதை வினோதா கண்டாள்.

கஜேந்திரன் கொக்கியைத் தட்டி, இரண்டு பேரையும் ஒரே அணைப்பில் இழுத்து ஆட்டோவில் போட்டான். கேட்டுக்கு வெளியே வந்த பிறகும் அவன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. வீரய்யாதான் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

எட்டு மணிக்கு மெனேஜர் கிஷாந்த் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஹட்டன் பக்கத்துப் பையன். முப்பது வயது இருக்கும். கேட்டதும் அவன் முகம் சிவந்தது.

"திறக்க முந்தி உங்கள யாரு உள்ள விட்டது?"

"நான்தான் தம்பி" என்றார் வீரய்யா.

"அண்ணே, இன்னைக்குக் கினிகத்தேனையிலருந்து ரெண்டு பஸ் வருது. எல்லாம் அறநெறிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. புலி கிலின்னு கதை பரவுச்சுன்னா சீசனே போச்சு. காட்டுப்பூனையா இருக்கும். பனியில எல்லாம் பெரிசாத்தான் தெரியும்."

வினோதா ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஈரம் காயவில்லை. ஆனால் பஸ் என்றதும் எழுந்து நின்றாள்.

"மொத ரயிலு எத்தனை மணிக்குத் தம்பி?"

"ஒன்பதுக்கு."

"எத்தனை பிள்ளைங்க ஏறும்?"

கிஷாந்த் போனை எடுத்து நேரம் பார்த்தான்.

"காட்டுப்பூனைதானே? என் பேக்கு அந்த மொதப் பெட்டியில கெடக்கு. போய் எடுத்துட்டு வாங்க. நீங்க எடுத்துட்டு வந்துட்டா நான் வாயே தொறக்க மாட்டேன்."

நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கிஷாந்த் வீரய்யாவின் டோர்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அவன் காலடி கேட்டது, பிறகு நின்றது. குகைக்குள்ளிருந்து வந்த அந்த அறுக்கிற சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. அவன் பின்பக்கமாகவே நடந்து வந்தான். டோர்ச் கையில் இல்லை. கேட்டைச் சாத்தி, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, பூட்டுப் போட்டான். பிறகு போனை எடுத்து, பஸ்காரர்களுக்கு முதலில், வனஜீவராசிக்காரர்களுக்கு அடுத்து அழைத்தான்.

அவர்கள் வந்து பார்த்துவிட்டு, யாரும் கிட்டப் போகக் கூடாது, தாயே குட்டிகளைக் கொண்டுபோய்விடும் என்று சொன்னார்கள். அப்படியே மூன்றாம் நாள் குகை காலியாக இருந்தது. வீரய்யாவின் வேலை போகவில்லை. கிஷாந்த்தே முதலாளியிடம் பேசினான் என்று கேள்வி.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்த பிறகு, கஜேந்திரன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். வினோதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கேட் சாத்துற சத்தம் கேட்டுச்சுங்க. விட்டுட்டுப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன்."

அவன் தலையைத் தூக்கவில்லை. "போகத்தான் செஞ்சேன் வினோ. கேட்டுக்கு வெளிய வந்ததும் கால் தானா ரோட்டுப் பக்கம் ஓடுச்சு. அந்தக் கல்வெர்ட்டுப் பாலம் வரைக்கும் ஓடிட்டேன். அங்க போய்த்தான் எங்க ஓடுறோம்னு நெனப்பு வந்துச்சு. திரும்பி வந்துதான் உனக்குப் போன் போட்டேன், மாமாவுக்குப் போட்டேன்."

கல்வெர்ட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் கால் மைல் இருக்கும் என்று வினோதாவுக்குத் தெரியும். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஹோர்னை அழுத்தியே அவன் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.