சுரைக்காய் காயும் அறை

சங்கரன்கோவிலில் ஷிரின் பானு தன் வீட்டுக் கொல்லையில் போட்ட சுரைக்கொடி அந்த வருஷம் தாராளமாகக் காய்த்தது. சமைத்ததும் கொடுத்ததும் போக, குடுவை போல இடுப்பு சிறுத்த காய்களை மட்டும் கொடியிலேயே முற்ற விட்டாள். காம்பு பழுப்பேறியதும் காம்போடு வெட்டி, மாடி அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். நன்றாகக் காய்ந்தால் துளையிட்டு விளக்குக் கூடு செய்யலாம் என்பது அவள் எண்ணம். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். நிழலும் காற்றும் வேண்டும். எதிரெதிரே ஜன்னல் இருந்தது அந்த ஒரு அறையில்தான்.

அது அவள் கணவன் முகம்மது சாதிக் துபாயில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்துக் கட்டிய அறை. விடுமுறைக்கு வந்தவன் பெட்டியோடு மாடியேறிக் கதவைத் திறந்தான். காய்களின் மேல் சாம்பலும் கறுப்புமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. எல்லாம் அழுகிவிட்டது, குப்பையில் போடுகிறேன் என்று கயிற்றில் கை வைத்தான்.

"அழுகல் இல்லங்க. உள்ள இருக்க தண்ணி தோல் வழியா கசியுது, அதான் பூசணம் புடிக்கு. காஞ்ச பெறகு சுரண்டிக் கழுவுனா போயிரும்," என்றாள் பானு.

"அப்போ நான் எங்கன படுக்க?"

அவள் கீழே போய் ஹாலில் பாய் விரித்தாள். தான் இல்லாமலே இந்த வீடு நடந்து பழகிவிட்டது என்று சாதிக்குக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் உம்மாவுக்குக் காய்ச்சல் என்று பானு புளியங்குடிக்குப் போனாள். காய்களைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. மழை இரைச்சலில் பக்கத்து விசைத்தறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சாதிக் மாடிக்கு ஓடி ஜன்னல்களை அடைத்தான். சற்று நேரத்தில் அறை புழுங்கி நாற்றம் எழுந்தது. டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து போட்டுவிட்டான். சும்மா நிற்பானேன் என்று ஒவ்வொரு காயாக அமுக்கிப் பார்த்தான். எல்லாம் கெட்டியாக இருந்தன. ஒன்று மட்டும் விரலுக்கு அமுங்கி நீர் வடித்தது. அதை அவிழ்த்துக் கொல்லையில் புதைத்தான். அப்புறம் தினமும் மேலே போய், காற்றுப் படாத பக்கத்தைத் திருப்பிவிட்டு வந்தான்.

பானு ஊரிலிருந்து வந்ததும் நேரே மாடிக்குத்தான் போனாள். ஒன்று குறைவதைக் கண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது நெசமாவே அழுகிட்டு. மத்ததெல்லாம் நல்லாருக்கு. இத ஆட்டிப் பாரு," என்று ஒரு காயை நீட்டினான். உள்ளே விதைகள் கலகலத்தன. அவள் அதைக் காதோடு வைத்து இன்னொரு முறை ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

காய்ந்தவற்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கம்பி நாரால் இருவருமாகத் தேய்த்தார்கள். பூஞ்சணம் கரைந்தோட, வறுத்த கோதுமை நிறத்தில் ஓடு தெரிந்தது. அவள் பென்சிலால் புள்ளி வைக்க, அவன் டிரில்லால் துளைத்து பல்பு மாட்டினான். மாலையில் மாடி அறையில் சுவிட்சைப் போட்டபோது சுவரெங்கும், அவன் சட்டை மேலும், சின்னச் சின்ன வெளிச்சங்கள் விழுந்தன.

இன்னும் காயாதவற்றை ஹாலுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டாள் பானு.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். காத்து இங்கனதான வருது," என்றான் சாதிக்.

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டான். தொங்கும் காய்களில் தலை இடிக்காமல் இருவரும் குனிந்து போய்ப் படுத்தார்கள்.