நல்லூர் ஓடையில் கிடைத்த வலது கை

நல்லூர் ஓடையில் கிடந்த, பல கோடி வருடத்துக்கு முந்தைய கல் ஒன்றில் அபிராமியின் வலது கை இருந்தது. ஐந்து விரலும் புடைத்து நின்றன. நடுவிரல் நுனியில், ஓவர்லாக் மெஷின் ஊசி ஏறி இறங்கிய வடுகூட அப்படியே இருந்தது. கல்லை எடுத்தவளும் அபிராமிதான். எடுத்த வேகத்தில் கீழே போட்டாள். பிறகு தன் கை மணிக்கட்டில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, எட்டு வருடமாகத் திருப்பூரில் பொங்கியண்ணனின் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள் அவள். ஆயிரம் பனியனில் ஒரு பொத்தல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடையில் இறங்கி, கல்லாகிப்போன நத்தையும் இலையும் தேடுவாள். இந்தப் பக்கத்துப் பாறையில் அதற்கெல்லாம் வாய்ப்பே இல்லை என்று படித்தவர்கள் சொன்னார்கள். வாய்ப்பே இல்லாதவை பதினேழு அவள் வீட்டு அலமாரியில் இருந்தன.

கல்லைக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். ஆபீஸ் பார்க்கும் வேல்குமார் விளையாட்டாக அதன் கட்டைவிரலை வருகைப் பதிவு மெஷினில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அபிராமி, செக்கிங், எட்டு மணி இரண்டு நிமிடம் என்று திரையில் வந்தது. வேல்குமார் கத்திவிட்டார். டெய்லர்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள், பீகார்க்காரர்கள் காதைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கல் கையின் உள்ளங்கையில் குறுக்கே பின்னல் பின்னலாக ஒரு தடம் ஓடியது. பாம்பு என்றார் ஒருவர், செதில்கூடத் தெரிகிறது என்றார் இன்னொருவர். அபிராமி ஓடையில் பாம்பைப் பிடித்தபடியே சாகப்போகிறாள் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிவாகிவிட்டது. இனிமேல் வரப்போகும் சாவு அத்தனை கோடி வருடத்துக்கு முன்பே எப்படிக் கல்லானது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“இனி அந்த ஓடைப் பக்கமே போக வேண்டாமுங்க அம்மிணி. உங்களுக்கு ஒண்ணுன்னா முனீசுக்கு யாரு இருக்காங்க?” என்றார் பொங்கியண்ணன்.

முனீஸ் அவள் புருஷன், அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவனும் கெஞ்சிப் பார்த்தான். “வாரத்துல ஆறு நாளு அடுத்தவன் துணியில ஓட்டை தேடுதேன். ஒரு நாளு எனக்குன்னு எதையாவது தேடக் கூடாதா?” என்று அபிராமி அழுதுவிட்டாள்.

போகட்டும் என்று விட்டு, முனீஸ் சட்டம் போட்டான். தனியாகப் போகக் கூடாது. எங்கே போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முழங்கால் வரை பூட்ஸ், கையில் தடி, கரையில் எப்போதும் அவன். சரிவில் அவள் இறங்கி ஏறுவதற்கென்று, கட்டிங்கில் மிஞ்சிய காலர் துணி வேஸ்டை மூன்று புரியாகப் பின்னி ஒரு கயிறும் செய்தான். எல்லாம் பாம்பை நினைத்துச் செய்தவை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம், நல்லூரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது, ஓடைத் தண்ணீர் சிவந்து வந்தது. வேறு ஊராக இருந்தால் பதறிக் கரையேறியிருப்பார்கள். திருப்பூரில் தண்ணீர் சிவந்தால் சாயப்பட்டறைக் கழிவு என்றுதான் நினைப்பார்கள். “எவனோ சாயத்தத் தொறந்து விட்டுட்டான்” என்று முனீஸ் கரையிலிருந்து கத்தினான். “மெரூன் ஆர்டர் போலருக்கு” என்று சிரித்துவிட்டு அபிராமி அடுத்த கல்லைப் புரட்டினாள். அது மேற்கே கொட்டிய மழை அரித்துக்கொண்டு வந்த செம்மண் என்பது பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறியபோதுதான் தெரிந்தது. மூச்சு விடுவதற்குள் இடுப்பு, மார்பு, கழுத்து.

“ஏ பிள்ள, கயித்தப் பிடி!”

முனீஸ் வீசிய கயிறு அவள் வலது கைக்கு மட்டும்தான் எட்டியது. பிடித்தாள். கால் மணி நேரம் வெள்ளம் ஒரு பக்கம் இழுத்தது, முனீஸ் ஒரு பக்கம் இழுத்தான். கரையில் வந்து விழுந்ததும் அவள் உள்ளங்கையை விரித்தாள். கட்டைவிரல் வரை தோல் உரிந்து, குறுக்கே பின்னல் பின்னலாகத் தடம் ஓடியது. கல்லில் பாம்பு என்று எல்லோரும் சொன்ன அதே தடம். இத்தனை நாள் கல்லில் இருந்தது பிழைத்த கை.

உரிந்த விரலை வருகை மெஷின் பதினோரு நாள் ஏற்கவில்லை. வேல்குமார் கல்லை வைத்தே அவள் வருகையைப் பதிவு செய்தார். “அதுவும் உங்க கைதானுங்களே அம்மிணி” என்றார் பொங்கியண்ணன்.

தை மாதம் ஓடையில் தண்ணீர் குறைந்ததும் அபிராமி மறுபடி போனாள். முதலில் மேற்கு வானத்தைப் பார்த்தாள், பிறகு தண்ணீரின் நிறத்தை, அப்புறம்தான் இறங்கினாள். அன்று முனீஸ் நின்ற கரைச் சரிவில் இன்னொரு கல் கிடைத்தது. அதில் கயிற்றை இழுத்துப் பிடித்த வாக்கில் இரண்டு கைகள் இறுக மூடியிருந்தன. விரல் இடுக்குகளில் அதே பின்னல். “மூடுன கைய மெஷின் ஏத்துக்காதுங்க” என்றார் வேல்குமார். பரவாயில்லை என்று சொல்லி அபிராமி அதை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.