வெங்காயத் திருடன்

அனுசுயாவின் வீடியோ கேமில் துப்பாக்கியும் கிடையாது, கார் பந்தயமும் கிடையாது. வயலோரத்தில் படல் கட்டிச் சேமிக்கும் பட்டறையிலிருந்து சின்ன வெங்காயம் காணாமல் போகும். விளையாடுபவர் ஊருக்குள் நடந்து, ஆட்களிடம் பேச்சுக் கொடுத்து, திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மாதிரித் துப்பறியும் கேம்களை எல்லோரும் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். இவளுக்குத்தான் அவற்றின்மேல் பைத்தியம். சென்னை வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊரான குன்னத்தில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தாள். அப்பா வேணுகோபாலோ, கேட்டவர்களிடமெல்லாம் "பரீட்சைக்குப் படிக்கிறா" என்று சொல்லி வைத்திருந்தார். அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

செலவுக்கு இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டினாள். மாதக் கடைசிக்குள் இலக்கை எட்டாவிட்டால் வந்ததெல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும். கேமும் அதோடு சரி. கொடுப்பவர் பெயர் கேமின் முடிவில் வரும் என்று அறிவித்தாள். ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

பெரம்பலூர் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் செய்யும் தோழி சுகன்யா விழுந்து விழுந்து சிரித்தாள். "பேரை யாருடி படிப்பா? காதுகுத்து பேனர் பாத்ததில்ல? மூலையில துளியூண்டு மூஞ்சி வரணும்னுதானே ஆளாளுக்குக் காசு போடுறாங்க. மூஞ்சியப் போடு!"

"என் கேம் என்ன காதுகுத்தா?" அனுசுயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பேச்சுக் கொடுக்க ஆட்கள் வேண்டிய கேம்தானே? பணம் கொடுப்பவர் கேமுக்குள்ளேயே நடமாடுவார் என்று மாற்றினாள்.

அவ்வளவுதான். டீக்கடை அழகேசன், கண்டக்டர் ஆண்டவர், துபாயில் இருக்கிற மாப்பிள்ளைகள் என்று வரிசை கட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: "திருடனா மட்டும் போட்டுடாதம்மா." பெரிய தொகையைத் திருடன் வேடத்துக்குத்தான் வைத்திருந்தாள். கடைசி நாள் வரை அதை ஒருவரும் சீண்டவில்லை. அது வராமல் இலக்கு எட்டாது.

அன்று சாயங்காலம் அப்பா செல்போனை நீட்டினார். "இதுல எப்படிப் போடுறதுன்னு காட்டு. சோளம் வித்த காசு இருக்கு. திருடன் நான்தான்."

"ஊருக்குள்ள தலைகாட்ட வேணாமாப்பா?"

"பரீட்சைன்னு பொய் சொன்னவன்தானே? பொருத்தமாத்தான் இருப்பேன்."

அனுசுயாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கேம் வெளிவந்தது. பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் விளையாடினார்கள். இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தோம் என்று எழுதினார்கள். ஆனால் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது அழகேசன் டீக்கடையில்தான். அப்பாவோடு போயிருந்தாள். "என்ன வேணு, வெங்காயத்த அடிச்சது நீதானாமே?" என்றார் அழகேசன். கடையே சிரித்தது.

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஆமாய்யா, நான்தான். மாட்டிவுட்டது யாரு? எம் பொண்ணு!"